மணிக்கட்டுக்குள் மூன்று மாதம்

பிளஃப் துறைமுகத்துச் சிப்பிக் கொட்டகையில் நோலீனுக்கு இரண்டு கத்திகள். ஒன்று கையில், இன்னொன்று வாயில். இரண்டுமே கூர்தான். எந்தச் சிப்பியையும் சதை கிழியாமல் ஒரே திருப்பில் திறந்துவிடுவாள். பிறகு முடக்குவாதம் வந்து மணிக்கட்டை வீங்கவைத்து, விரல்களை மடக்கிப்போட்டது. வேலை போனது. புருஷன் அதற்கு முன்பே ஆஸ்திரேலியாவுக்குப் போயிருந்தான். அவனுக்குக் கால் நன்றாகவே இருந்தது.

மிஞ்சியது செவ்வாய்க்கிழமை. அன்று வேன் ஏறி பக்கத்து நகரமான இன்வர்கார்கில் போய், கிளினிக்கில் ஊசி போட்டுக்கொள்வாள். போடுபவள் சமோவாக்காரி நர்ஸ் செஃபினா. ஊசிக்கு ஒரு நிமிஷம், அரட்டைக்கு மீதிக் காலை. மற்ற நாட்களில் நோலீன் கடற்காகங்களோடுதான் பேசினாள். அவையும் பதில் சொல்லும், ஆனால் சண்டைக்குத்தான்.

இலையுதிர்காலத்தில் புது மருந்தைச் சோதிக்க ஆள் கேட்டார்கள். பொடிப்பொடி மணிகளுக்குள் மருந்தை அடைத்து, மணிக்கட்டு மூட்டுக்குள்ளேயே ஊசியால் இறக்குவார்கள். மணிகள் மெல்லக் கரையும், மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். வீக்கம் அடங்கும், எலும்பும் அரிபடாமல் தப்பும். கேட்டது செஃபினா என்பதால் நோலீன் கையை நீட்டிவிட்டாள். மருந்து பலித்தால் மூன்று மாதத்துக்கு ஒரு ஊசிதான் என்பது திரும்பும் வழியில்தான் உறைத்தது.

வாராவாரம் பார்த்தார்கள். இன்று கடைசிப் பரிசோதனை. வலி குறையவில்லை என்றால் பழைய ஊசி, பழைய செவ்வாய்.

"ஆன்ட்டி, வலி பத்துக்கு எவ்ளோ?"

"ஏழு." நோலீன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாள்.

"போன வாரமும் ஏழு!"

"நான் பேச்சு மாத்தற ஆள் இல்ல."

"அது சரி. பையில என்ன?"

"உனக்குத்தான். கொஞ்சம் சிப்பி."

செஃபினா டப்பாவைத் திறந்தாள். கொழுத்த சதை, ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

"யாரு திறந்தது?"

"கடையில..."

"கடைக்காரன் திறந்தா பூனை பிராண்டின மாதிரி இருக்கும்னு நீங்கதானே சொல்வீங்க?"

நோலீன் ஜன்னலைப் பார்த்தாள். "ஏழுன்னே வெச்சுக்கோயேன்டி. உனக்கென்ன போச்சு?"

"எனக்கு ஒண்ணும் போகல. மருந்து உதவாதுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க ஆன்ட்டி. விரல் மடங்கினவங்க நீங்க ஒருத்தர்தானா?"

முழங்கையால் குழாயைத் திறந்த காலைகள் நோலீனுக்கு நினைவு வந்தன.

"ஒண்ணு," என்றாள். "அதுவும் குளிர்லதான்."

செஃபினா அவள் கையைக் கொஞ்சம் கூடுதல் நேரமே பிடித்திருந்தாள். "மூணு மாசம் கழிச்சு வரும்போது பெரிய டப்பா கொண்டாங்க."

"பேராசை புடிச்சவ."

இருவரும் சிரித்தார்கள். லிஃப்ட் வருவதற்குள் நோலீனுக்குச் சிரிப்பு தீர்ந்துவிட்டது.

அடுத்த செவ்வாய், பழக்க தோஷத்தில் வேன்காரன் வாசலில் நின்று ஹாரன் அடித்தான். அதே தோஷத்தில் நோலீனும் கோட்டு மாட்டியிருந்தாள். ஜன்னலருகே போய்க் கையை உயர்த்தி, ஐந்து விரலையும் நன்றாக விரித்து, போ என்று ஆட்டினாள். வேன் போனது.

கை கொஞ்சமும் வலிக்கவில்லை. அதனால் இறக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றாள்.