அரிசிக்கு ஊற்றிய மண்ணெண்ணெய்

வியாழன், காலை

மதுரையிலிருந்து திண்டுக்கல் அறுபத்திரண்டு கிலோமீட்டர். மைலில் சொன்னால்தான் விளங்கும் என்பவர்களுக்கு முப்பத்தெட்டரை. பாசஞ்சர் ரயிலில் மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஒன்றே முக்கால் ரூபாய். கரித்தூள் கண்ணில் விழுவதற்குத் தனியாகக் கட்டணம் இல்லை.

தானியம் களத்திலிருந்து இலைக்கு வருவதற்குள் எவ்வளவோ சேதமாகிறதாம். அதைக் குறைப்பது எப்படி என்று திண்டுக்கல்லில் ஒரு கூட்டம். விவசாய மாதப் பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால் என்னையும் பேச அழைத்திருந்தார்கள். ஊரெல்லாம் அரிசிக்கு வரிசை நிற்கிற இந்த வருஷத்தில் இப்படி ஒரு கூட்டம் போடுவது நல்ல காரியம்தான் என்று நினைத்துக் கிளம்பினேன். கிளம்பும்போது என் மனைவி பையில் ஒரு காலி பாட்டிலைத் திணித்தாள்.

"அங்கே மண்ணெண்ணெய் கிடைத்தால் வாங்கி வாருங்கள். இங்கே பத்து நாளாக இல்லை. அப்புறம், மேடையில் யாரிடமும் கோபித்துக்கொள்ளாதீர்கள்."

கோபம் என் பிறவிச் சொத்து. பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

சோழவந்தான் தாண்டியதும் எதிரே இருந்தவர் பேச்சுக் கொடுத்தார். சின்னாளபட்டி நெசவாளர். மதுரைக் கடைகளுக்குச் சுங்குடிச் சேலை போட்டுவிட்டுத் திரும்புகிறார். நான் போகும் காரியத்தைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்லாக் கேளுங்கய்யா. தறியில உக்கார வேண்டியவன் ரேசன் வரிசையில நிக்கிறேன். நம்ம முறை வர்றப்ப அரிசி தீந்துருச்சுங்கிறாரு கடைக்காரரு. என்னான்னு கேட்டா, மூட்டை கொறையுதுங்கிறாரு. திண்டுக்கல்லுல ஏத்துன மூட்டை ஏழு மைலு வர்றதுக்குள்ள எப்பிடிய்யா கொறையும்?"

"வழியில் யாராவது எடுக்கிறார்களோ?"

"டிரைவரு நம்ம பக்கத்து ஆளுதான். அவன் எடுக்கிறவன் இல்ல. நீங்க பத்திரிகைக்காரரு, பாத்து எழுதுங்க. நாளைக்கு எங்க கடைக்கு லோடு வருது."

அம்பாத்துரையில் மூட்டை முடிச்சோடு இறங்கிப் போனார். வலது பக்கம் சிறுமலை மேகம் மூடிக் கிடந்தது. சற்று நேரத்தில் மலைக்கோட்டை தெரிந்தது.

வியாழன், பகல்

ஸ்டேஷனிலிருந்து கரூர் ரோட்டுக்குக் குதிரை வண்டி எட்டணா. வண்டிக்காரருக்கு ஐம்பது பைசா என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை. ரோட்டின் மேற்கே ஒரு பெரிய தானியக் கிட்டங்கி. கூட்டத்தை நடத்துகிறவர்கள் முதலில் அதைத்தான் காட்டினார்கள். எந்த இலாகாவின் கிட்டங்கி என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கள் ஆசிரியருக்கு நோட்டீஸ் வரும், எனக்குச் சம்பளம் வராது.

கிட்டங்கி அதிகாரிக்கு நாற்பது வயதிருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. வாசலில் பெரிய தட்டி கட்டியிருந்தார்: 'ஒரு மணியும் வீணாகாது.'

உள்ளே லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சாக்கிலும் கறுப்பு மையில் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. கொக்கி போடாதே என்று அர்த்தம். சுமை தூக்குகிற ஒருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. கொக்கி நேராக அந்த எழுத்தின் மேலேயே விழுந்தது. இழுத்த வேகத்தில் சாக்கு கிழிந்து அரிசி கொட்டியது.

"கொக்கி போட்டால் கிழிகிறதே?" என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

"கொக்கி இல்லாம நூறு கிலோ மூட்டையை எங்கிட்டுப் பிடிக்கிறது? பொழுது சாயறதுக்குள்ள அம்புட்டு லாரியும் எறக்கணும். முன்ன கிழிஞ்சா தைக்க ஆளு இருந்துச்சு. இப்ப இல்ல."

எங்கே போனார்கள் என்று கேட்பதற்குள் அதிகாரி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது பழைய கதை சார். பொம்பளைங்க கொஞ்சப் பேர் உள்ளே வந்துக்கிட்டிருந்தாங்க. தைக்கிறோம்னு சொல்லிட்டு, சாயங்காலம் கூட்டி வாரினதை எல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. பார்த்தா திருட்டு மாதிரிதானே? நான் வந்ததும் கேட்டைச் சாத்திட்டேன். இப்ப ஒரு மணிகூட வெளியே போகாது."

"சிந்தினதை என்ன செய்கிறீர்கள்?"

ஒரு மூலையைக் காட்டினார். மண்ணும் சணல் நாருமாக அரிசி குவிந்திருந்தது. சின்னக் குவியல் இல்லை. எங்கள் தெருவே ஒரு மாதம் சாப்பிடலாம். கிட்டப் போனேன். நெடி மூக்கில் ஏறியது.

"மண்ணெண்ணெய் தெளிச்சிருக்கோம் சார். இல்லேன்னா வேலி தாண்டி வந்து அள்ளிடுவாங்க. மனுஷர் உணவுக்கு லாயக்கில்லைன்னு ஆக்கிட்டா அப்புறம் அது தானியமே இல்லையே. சேதக் கணக்கிலும் வராது."

பெருமையோடு சொன்னார். தின்னுகிற அரிசியைத் தின்ன முடியாததாக்கிவிட்டு, சேதத்தை ஒழித்துவிட்டேன் என்று ஒரு மனிதர் சிரித்த முகத்தோடு சொல்கிறார். என் காது சூடாகிவிட்டது. மறுநாள் மேடை இருக்கிறதே என்று வாயைக் கட்டிக்கொண்டேன்.

வியாழன், மாலை

கிட்டங்கிக்குப் பின்னால் வேலிக்கு வெளியே ஒரு பள்ளம். மூலைக் குவியல் அங்கேதான் கொட்டப்படுகிறது. அதற்கும் அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு குடிசைகள். பள்ளத்துக்குள் ஒரு பெண் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து ஓடப் பார்த்தாள்.

"நான் கிட்டங்கி ஆள் இல்லை அம்மா, பத்திரிகைக்காரன்" என்றேன்.

பெயர் வீராயி. சொந்த ஊர் அகரம். கிணறு வற்றி, குத்தகை நிலமும் கை விட்டுப்போய், ஏழு வருஷத்துக்கு முன் குடும்பத்தோடு இங்கே வந்திருக்கிறாள். புருஷனுக்கு மூட்டை தூக்கி முதுகு போய்விட்டது. அதன் பிறகு சாக்குத் தைக்கும் அவளுடைய கோணூசிதான் வீட்டுக்குச் சோறு போட்டிருக்கிறது. லாரியிலிருந்து கிழிந்து வருகிற சாக்கை அவளும் கூட இருந்த பெண்களும் அங்கேயே சணல் கோத்துத் தைத்துவிடுவார்கள். கூலி கிடையாது. சாயங்காலம் தரையைக் கூட்டி, கல்லும் மண்ணும் புடைத்து எடுத்தால் கிடைக்கிற அரிசிதான் கூலி. முன்பிருந்த அதிகாரிகள் இதைப் பேசி ஏற்பாடு செய்யவில்லை. தானாக நடந்து வந்த வழக்கம், எல்லோருக்கும் சரியாக இருந்தது.

"தச்சா சிந்தாது. சிந்துனதும் எங்க வயித்துக்குப் போயிரும். இதுல என்ன களவு இருக்குய்யா?" என்றாள்.

"இந்த அரிசியையா சாப்பிடுகிறீர்கள்?"

"வேற என்னத்தச் சாப்டுறது? ஏழு தண்ணி ஊத்திக் கழுவி, வெயில்ல உலத்தி, மறுக்கா கழுவிக் கஞ்சி வச்சா வாடை பாதி போயிரும். மொத வாய் கொமட்டும். பெறகு பழகிரும். ஆத்தூரு டேம் தண்ணி கொழாயில ஒரு நேரந்தான் வருது, அதுதான் பாடு."

பக்கத்துக் குடிசைகளில் ஒன்றில்கூட விளக்கு இல்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்.

"விளக்குக்கு ஒரு சொட்டு மண்ணெண்ணெய் கெடைக்கலய்யா. அரிசிக்குக் கொடம் கொடமா ஊத்துறாய்ங்க."

நாளைக் கூட்டத்தில் கேட்கிறேன் என்றேன். அவள் குடிசைக்குள் போய் ஒரு துணிச்சுருளை எடுத்து வந்து பிரித்துக் காட்டினாள். கோணூசி. துரு ஏறாமல் பளபளவென்று இருந்தது.

"கேளுங்கய்யா. கேட்டைத் தொறந்துவிடச் சொல்லுங்க, அது போதும். தொடச்சுத்தான் வச்சிருக்கேன்."

அந்த அரிசியில் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கி, காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வெள்ளி, காலை

கிட்டங்கியிலிருந்து சின்னாளபட்டிக்குப் போகும் லோடு லாரியில் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். ஊரைத் தாண்டி மதுரை ரோட்டில் வண்டி வேகம் எடுத்ததும் பின்னால் சரசரவென்று சத்தம். தலையை நீட்டிப் பார்த்தேன். கிழிந்த மூட்டைகளிலிருந்து அரிசி ரோட்டில் கோடு போட்டுக்கொண்டு வந்தது. காக்கையும் மைனாவும் கோட்டைப் பிடித்துக்கொண்டு வந்தன.

"நிறுத்தி ஏதாவது அடைக்கக் கூடாதா?"

"எத்தனையத்தான் அடைக்கிறது? வைக்கோலைத் திணிச்சேன், குலுங்குனா விழுந்துருது. வீராயி கூட்டம் தச்சுவிட்ட வரைக்கும் ஒரு மூட்டை ஒழுகுனதில்லை. கடைக்காரரு என்னைத்தான் களவாணிங்கிறாரு" என்றார் டிரைவர்.

ரேஷன் கடை வாசலில் அந்த நெசவாளர் வரிசையின் கடைசிப் பக்கம் நின்றிருந்தார். மூட்டைகளை நிறுத்தார்கள். இடுப்பு ஒட்டிப்போய் இறங்கிய மூட்டைகள் நிறுக்காமலேயே சேதி சொல்லின. மத்தியானத்துக்குள் அரிசி தீர்ந்தது. நெசவாளருக்கு முன்னால் நின்ற பெண்ணோடு கதவைச் சாத்திவிட்டார்கள். மடித்த பையை அக்குளில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"எப்பிடிக் கொறையுதுன்னு பாத்தீகளா?"

பார்த்ததைச் சொன்னேன். அவர் நாங்கள் வந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளி, மாலை

கூட்டம் ஐந்து மணிக்கு. மேடையில் மாலை, மைக், தலைவருக்கு உயரமான நாற்காலி. எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் குற்றத்தை வீட்டுப் பெண்கள் தலையில் போட்டார்கள். குழம்பை மிச்சம் வைக்கிறார்களாம், கழுநீரோடு அரிசியை விடுகிறார்களாம், பிள்ளைகளை இலையில் சோற்றை வைத்துவிட்டு எழுந்திருக்க விடுகிறார்களாம். கீழே அமர்ந்திருந்த பெண்களில் பாதிப் பேர் காலையில் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பியவர்களாக இருக்கும். இவர்கள் எதை மிச்சம் வைப்பார்கள்?

என் முறை வந்தது. மனைவி சொன்னதை மறந்தேன். கொக்கியைச் சொன்னேன், கோணூசியைச் சொன்னேன், மதுரை ரோட்டில் பார்த்த அரிசிக் கோட்டைச் சொன்னேன். அந்தப் பெண்களை உள்ளே விடுங்கள், கூலியும் கொடுங்கள் என்றேன். சபை சும்மா இருந்தது. பிறகு அரிசி மடித்த காகிதத்தைப் பிரித்துத் தலைவர் முன் மேஜையில் வைத்தேன். அவர் அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஜனங்கள் இருட்டில் கிடக்கிறார்கள். மண்ணெண்ணெயை அரிசியில் கொட்டுகிறீர்கள். இது எந்த ஊர் நியாயம்?" என்றேன்.

அதற்குத்தான் கைதட்டல். கொட்டகை அதிர்ந்தது. விசில்கூடப் பறந்தது. கிட்டங்கி அதிகாரி எழுந்து, விடிவதற்குள் நடவடிக்கை எடுப்பதாக மைக்கில் வாக்குக் கொடுத்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். அன்று லாட்ஜில் மூட்டைப்பூச்சியையும் மீறி நன்றாகத் தூங்கினேன்.

சனி, காலை

பத்தேகாலுக்கு ரயில். அதற்குமுன் வீராயியைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று கரூர் ரோட்டுக்குப் போனேன். கேட் சாத்தியே இருந்தது. காவலாளி எனக்கு மட்டும் திறந்துவிட்டான். அதிகாரி ஓடி வந்து கையைக் குலுக்கினார்.

"நீங்க சொன்னது ரொம்பச் சரி சார். மண்ணெண்ணெய் ஜனங்களுக்குச் சேர வேண்டியது. நேத்து ராத்திரியே நிறுத்திட்டேன்."

மூலையில் இரண்டு ஆட்கள் வாளியோடு நின்றார்கள். குவியலின் மேல் பால் ஊற்றியதுபோல் வெள்ளையாக ஏதோ வழிந்துகொண்டிருந்தது. கக்கூஸ் வாடை.

"பினாயில்" என்றார் அதிகாரி. "பள்ளத்தில் கிடக்கிறதிலும் ஊத்தச் சொல்லிட்டேன். தட்டுப்பாடு இல்லாத சாமான்."

"நான் கேட்டைத் திறக்கச் சொன்னேன்."

"அதையும் மேலே எழுதியிருக்கேன் சார். ஆனா சபையில கைதட்டினது மண்ணெண்ணெய்க்குத்தானே?"

என்னவெல்லாமோ கத்தினேன். மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அதிகாரி கடைசி வரை சிரித்த முகத்தோடு, ரயிலுக்கு நேரமாகிறது சார் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

பள்ளத்தின் கரையில் வீராயி வெறும் முறத்தோடு நின்றிருந்தாள். கீழே எல்லாம் வெள்ளை. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"மண்ணெண்ணெய்னா கழுவிக் குடிச்சோம். இதை எந்தத் தண்ணியில கழுவுறதுய்யா?" என்று கேட்டாள்.

பத்திரிகையில் எழுதுகிறேன், கேட்டைத் திறக்கும்வரை எழுதுகிறேன் என்றேன். சொல்லும்போதே எனக்குக் கூசியது. சட்டைப் பையில் கை போனது. மேடையில் வைத்துக் கைதட்டல் வாங்கிய அந்தக் கைப்பிடி அரிசி இருந்தது. காகிதத்தோடு நீட்டினேன். பிரித்து மோந்து பார்த்தாள். அவள் முகம் தெளிந்தது.

"இது பழசு. கழுவினாப் போயிரும்" என்று சொல்லி, ஒரு மணி சிந்தாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நெசவாளர் இறங்கிப் போன அம்பாத்துரையில் ரயில் நின்றபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. என் மனைவி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். தரையில் விழுந்த இரண்டு மணியைப் பொறுக்கி மறுபடியும் முறத்தில் போட்டாள். இவளுக்குத்தான் சிக்கனம் கற்றுக்கொடுக்க மேடை போட்டார்கள். சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். கையில் வாங்கியவள் சட்டைப் பையை மோந்து பார்த்தாள்.

"திண்டுக்கல்லில் மண்ணெண்ணெய் கிடைக்கிறது போலிருக்கிறதே" என்று சொல்லிவிட்டு, ஆவலோடு என் பயணப் பையைத் திறந்து பாட்டிலைத் தேடினாள்.