மந்தமாகக் கேட்ட இடம்

கல்குழியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காதுக்காரி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். மண்ணிலிருந்து வரும் உருண்டைக் கற்களில் எதற்குள் என்ன இருக்கிறது என்று உடைக்காமலே சொல்லிவிடுவாள். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. தலை நரைக்கிற வரைக்கும் ஒரே வேலையைச் செய்தால் யாருக்கும் வரும்.

தகரக் கொட்டகையில் ஒரு மேஜை, அதன்மேல் வளையமாகச் சுருட்டின சாக்குத்துணி, அதன்மேல் கல். வெறும் பலகையில் வைத்தால் பலகையின் சத்தமும் சேர்ந்து வந்து ஆளை ஏமாற்றிவிடும். சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு, தலையைச் சாய்த்து ஒரு கேட்பு. மேல்தோல் காலிஃபிளவர் மாதிரி முண்டும் முடிச்சுமாக இருந்து, பார்வைக்குக் கனமாகவும் கைக்கு லேசாகவும் இருந்து, தட்டினால் கணீரென்று கேட்டால் உள்ளே வெற்றிடம். சுவரெல்லாம் படிகம் பூத்திருக்கும். அமுங்கின பன்ரொட்டி போல இருந்து இடுப்பைச் சுற்றி ஒரு கோடு ஓடினால் உள்ளே சிப்பி. அந்தக் கோட்டிலேயே ஒரு போடு போட்டால் கல் மூடி மாதிரி திறந்துகொள்ளும். இங்கே கடல் கிடந்த காலத்துச் சிப்பி, ஒரு வரிகூட அழியாமல் உட்கார்ந்திருக்கும். எப்போதாவது ஒன்று சிப்பியின் வயிற்றுக்குள்ளேயே படிகம் வளர்ந்து கிடக்கும். அது முதலில் மந்தமாகக் கேட்டு, கடைசியில் மெல்லிசாக ஒரு கணீர் விடும். பெரிய விலைக்குப் போகிற அந்தக் கணீரைப் பிடிக்கத்தான் முதலாளி அவளை வைத்திருந்தார்.

மந்தமாக மட்டும் கேட்டு, கோடும் இல்லையென்றால் வெறும் கல். ஜல்லிக் குவியலில் வீசிவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டியதுதான். அதற்குப் போய் யோசித்துக்கொண்டு நின்றால் வேலை ஓடுமா?

அவளுக்கென்று இருந்தது ஒரு தம்பி. கழுத்து நீண்ட ஆள். ஒட்டகம் என்றால் கல்குழியே திரும்பிப் பார்க்கும். குழியின் மண்கரையைக் குடைந்து கல் எடுப்பது அவன் வேலை. கட்டினவன் விட்டுவிட்டுப் போன நாளிலிருந்து அக்காவைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டான். அவன் பெண்டாட்டியும் முகம் சுளிக்கவில்லை. நாத்தனாரை அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். சாப்பாட்டு வேளையில் தம்பி கொட்டகைக்கு வந்து அக்கா முன்னால் தலையைக் குனிவான்.

“அக்கா, இதையும் ஒரு தட்டு தட்டிப் பாரேன், உள்ள ஏதாவது இருக்கான்னு.”

“தட்டவே வேணாம்டா. தூரத்திலேர்ந்தே தெரியுது, காலி.”

தினமும் இதே கூத்து. தினமும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரும்.

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. விட்ட மறுநாள் காலையில் மேஸ்திரி கரையைப் பார்த்துவிட்டு, “நல்லா ஊறிப் போயிருக்கு, இன்னைக்கு யாரும் அடியில போகாதீங்க” என்றான். முதலாளி காரை விட்டு இறங்கக்கூட இல்லை. “மழை பெஞ்சாத்தான்யா கல்லு தலையை நீட்டும். இன்னைக்கு விட்டா காய்ஞ்சு இறுகிப்போகும்” என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவருக்கென்ன, சட்டை மடிப்பு கலையாத மனிதர்! மேஸ்திரி வாயை மூடிக்கொண்டான். ஒட்டகம் கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

கொட்டகையில் இருந்தவளுக்கு முதலில் மேஜைதான் ஆடியது. ஓடிப்போய்ப் பார்த்தால் கரை இருந்த இடத்தில் கரை இல்லை. இரண்டு வீட்டை மூடும் அளவுக்கு ஈரக் களிமண்ணும் கல்லும் சரிந்து கிடந்தன. மற்றவர்கள் மூச்சிரைக்க நின்றார்கள். ஒருவன் மட்டும் இல்லை.

“மெஷினை விட்டா ஆளை நசுக்கிடும்” என்று மேஸ்திரி கத்தினான். “மம்பட்டியாலதான் தோண்டணும். எங்கன்னு தோண்டுறது?”

அவன் கேட்டு முடிக்கும் முன்னே எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இதில் யாரைக் குறை சொல்வது? அவளும் தன்னைத்தான் நம்பினாள்.

“யாரும் மூச்சுவிடாதீங்க” என்றாள். கடப்பாரையை வாங்கி மண்டியிட்டு, மண்ணில் குத்தி நிறுத்தி, மேலே சுத்தியலால் தட்டி, இரும்பில் காதை வைத்தாள். மந்தம். நகர்ந்தாள். மந்தம். பழகின கை, தப்பாமல் தட்டியது. சரிவின் ஓரத்தில் ஒரு இடத்தில் கணீரென்றது. கல்லின்கீழ் இடைவெளி இருந்தால்தான் அப்படிக் கேட்கும். இடைவெளி இருந்தால் காற்று இருக்கும். காற்று இருந்தால் உயிர் இருக்கும்.

“இங்கதான்! இங்க தோண்டுங்கய்யா, என் தம்பி இங்கதான் இருக்கான்!”

உயிரைக் கொடுத்துத் தோண்டினார்கள். பெண்கள் தட்டுக்கூடையில் மண் அள்ளினார்கள். தோண்டத் தோண்டக் களிமண் சரிந்து குழியை மூடியது. உச்சி வெயிலும் தாண்டிவிட்டது. கடைசியில் மம்பட்டி ஒரு பாறையில் இடித்தது. தண்ணீர்த் தொட்டி அளவுக்கு ஒற்றை உருண்டை. கடப்பாரையால் நெம்பினதில் ஓடு பிளந்து ஒரு துண்டு உள்ளே விழுந்தது. எட்டிப் பார்த்தால் கல்லுக்குள்தான் வெற்றிடம், வெள்ளை வெளேரென்று படிகம், அதன் நடுவே திறந்த வாயோடு கொத்துக் கொத்தாகச் சிப்பி. அந்தக் குழியில் அதுவரை யாருமே பார்த்திராத கல்.

அதற்குள் வந்து சேர்ந்திருந்த முதலாளி, “டேய், பார்த்து! உடைச்சிடாதீங்கடா!” என்றார். சொன்ன பிறகுதான் எதற்காகத் தோண்டுகிறார்கள் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. மேஸ்திரி திரும்பிப் பார்த்த பார்வையில் இரண்டடி பின்னால் போனார். சீ, அதெல்லாம் ஒரு வாயா!

ஒட்டகத்தைப் பொழுது சாயும்போது எடுத்தார்கள். அவள் முதன்முதலில் மண்டியிட்ட இடத்துக்கு நேர் கீழே, களிமண் நாலு பக்கமும் அப்பிக்கொண்டு, நின்றவாக்கில் இருந்தான். அவனைச் சுற்றிப் பெரிய இடைவெளி எதுவும் இல்லை. முகத்துக்கு முன்னால் ஒரு கையளவு மட்டும், முழங்கையால் அவனே தடுத்து வைத்திருந்தான். விரல் நகங்கள் பிய்ந்திருந்தன. ஆஸ்பத்திரியில் டாக்டர் தாழ்ந்த குரலில், உடனே போன உயிர் இல்லை, மத்தியானம் வரைக்கும்கூட மூச்சு இருந்திருக்கலாம் என்றார்.

காதுக்காரி மறுபடி வேலைக்குப் போனாள். போகாமல்? வீட்டில் இரண்டு வயிறு இருந்தது. ஆனால் மந்தமாகக் கேட்ட கல்லை வீசக் கை வரவில்லை. ஒவ்வொன்றையும் உடைத்துப் பார்த்தாள். “அதுல ஒண்ணும் இருக்காதும்மா, உனக்கே தெரியும்” என்று மேஸ்திரி கெஞ்சினான். “தெரியும்” என்பாள், அடுத்ததை உடைப்பாள். மாலையில் மேஜையைச் சுற்றி வெறுங்கல் துண்டுகளாகக் கிடக்கும். அவளைக் கொட்டகை பெருக்குகிற வேலைக்கு மாற்றினார்கள். அதற்கும் சரி என்றாள்.

தம்பி பெண்டாட்டி பல நாள் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் சமையலறையில் இவள் பாத்திரம் தேய்க்க, அவள் அலம்பிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று குழாயை மூடினாள்.

“அண்ணி, அவரை எடுத்த இடத்துல நீங்க தட்டினீங்கதானே?”

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? வரவில்லை.

“தட்டினேன். மந்தமா கேட்டுச்சு. விட்டுட்டு அந்தப் பக்கம் போயிட்டேன்.”

அவள் கத்துவாள், சபிப்பாள், கையில் இருக்கும் கிண்ணத்தால் அடிப்பாள் என்று காதுக்காரி காத்திருந்தாள். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவள் அழக்கூட இல்லை.

“அப்ப அவருக்குக் கேட்டிருக்கும்ல அண்ணி? தலைக்கு மேல தட்டுறது நீங்கதான்னு அவருக்குத் தெரியாமயா இருக்கும்? அக்கா வந்துட்டான்னு நினைச்சிருப்பாரு.”

காதுக்காரி தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.