நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு

எனக்குக் கோபம் வருவது நின்று ஒரு மாதம் ஆன பிறகுதான் உடம்பில் ஏதோ கோளாறு என்று சந்தேகம் வந்தது. சந்தேகம் எனக்கு மட்டும்தான். வீட்டுக்காரருக்கு வரவே இல்லை. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் இப்படியொரு நிம்மதியை அவர் கண்டதில்லை, பாவம். குழம்பில் உப்பில்லை என்று அவர் சொன்னால், ‘போட்டுக்கோங்க’ என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். வயசாக ஆகப் பெண்டாட்டிக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று மகளுக்கு ஃபோன் போட்டுச் சொல்லியிருக்கிறார்.

பக்குவமாவது மண்ணாவது. எழுந்து போய்க் கத்த உடம்பில் தெம்பில்லை.

நான்கு மாதத்துக்கு முன்னால் எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்து, இதய டாக்டரிடம் போனோம். துடிப்பை அடக்கி வைக்க ஒரு வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று. அவ்வளவுதான் வைத்தியம். ஆனால் எங்கள் வீட்டில் எதுவும் அவ்வளவுதான் என்று முடியாது.

வீட்டுக்காரர் ராணுவத்துக்குச் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் கையெழுத்தில்லாமல் ஒரு திருகாணிகூட கேட்டைத் தாண்டாது என்று ஹைதராபாத்தில் நாங்கள் இருக்கும் அல்வாலில் பாதிப் பேருக்குச் சொல்லியிருக்கிறார். மீதிப் பேர் அவரைப் பார்த்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். ரிட்டயரான பின் சோதித்துப் பார்க்க அவருக்குக் கிடைத்த ஒரே சாமான் நான். என் மாத்திரைக்கு ஏழு நாள் டப்பா வாங்கினார், ஃப்ரிட்ஜில் சார்ட் ஒட்டினார், தினமும் காலையில் காப்பிக்கு முன்னால், ‘ஏட்டி, கைய நீட்டு’ என்பார். நீட்டுவேன். போடுவதை விழுங்குவேன். மாத்திரையின் பெயரைக்கூட நான் படித்ததில்லை. என் உயிரை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மாடிப்படி நான்கு ஏறினால் தலை சுற்றியது. ஹைதராபாத் மே மாதத்தில் எனக்குக் கை ஜில்லென்று இருந்தது. மகள் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் துடிப்பு குறைவு, துடிப்பு குறைவு என்று அலறியது. அது நச்சரிக்கிறது என்று அவர் கழற்றி அலமாரியில் வைத்தார். பிறகு கொரோனா காலத்தில் வாங்கிய விரலில் மாட்டும் மெஷினை எடுத்து மாட்டினார். நாற்பத்திரண்டு.

“பேட்டரி வீக்கா இருக்கும்.”

புது பேட்டரி போட்டார். நாற்பத்திரண்டு.

“ஏங்க, டாக்டர்ட்ட போவமா?”

“கொஞ்சம் இருட்டி. முதல்ல மெஷின செக் பண்ணணும். பொறவுதான் மனுசன.”

அப்புறம் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. தன் விரலில் மாட்டினார், எழுபத்தாறு. பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பெண்ணைக் கூப்பிட்டு மாட்டினார், எண்பத்தொன்று. அயர்ன் வண்டிக்காரரைக் கூப்பிட்டார். ‘கைக்கு சாப்?’, எதுக்கு சார் என்று அந்த மனிதர் விரலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், விடவில்லை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, அடிக்கோடு போட்டு, என்னிடம் வந்தார்.

“மெஷின் பாஸ்” என்றார்.

“அப்ப நான் ஃபெயிலா?”

“உன் விரல் ஜில்லுன்னு இருக்கு. அதான் மெஷினுக்குப் புரியல.”

விரல் ஏன் ஜில்லென்று இருக்கிறது என்று கேட்கத் தோன்ற வேண்டாமா மனிதருக்கு? பழைய நானாக இருந்தால் மெஷின் ஜன்னல் வழியாகப் போயிருக்கும். அன்றைக்கு, ‘சரிங்க’ என்றேன். மகள் ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் கச்சிபௌலியிலிருந்து வீடியோ காலில், “அப்பா, ப்ளீஸ், நாப்பத்திரண்டெல்லாம் நார்மலே இல்ல” என்று கெஞ்சினாள். நேரில் வந்து இழுத்துப் போகிறேன் என்றாள். அந்த டிராஃபிக்கில் அவள் வந்து சேர்வதற்குள் நான் சென்னைக்கே போய் இறங்கிவிடலாம்.

மறுநாள் காலை வாசலில் காய்கறி வண்டியில் கறிவேப்பிலைக்குக் கையை நீட்டினேன். கண்ணை இருட்டியது. அடுத்து நினைவு வரும்போது ரோட்டில் உட்கார்ந்திருந்தேன், மடி நிறையத் தக்காளி. ‘அம்மா கிர் கயே! அம்மா கிர் கயே!’, அம்மா விழுந்துட்டாங்க என்று வண்டிக்காரர் தெருவையே கூட்டிவிட்டார். வீட்டுக்காரர் பனியனோடு ஓடி வந்து மெஷினை மாட்டினார். முப்பத்தெட்டு. இந்த முறை பேட்டரியைப் பற்றிப் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் இதய டாக்டர் ஈசிஜியைப் பார்த்துவிட்டு, வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று கேட்டார்.

“நீங்க எழுதினது மட்டும்தான் சார்” என்றார் இவர், பளிச்சென்று.

அப்படியென்றால் இதயத்தின் மின்சார ஓட்டமே பழுதாகியிருக்கிறது என்றார் டாக்டர். இத்தனை சின்ன டோஸுக்கு இவ்வளவு இறங்கக் கூடாதாம். மறுநாள் காலை பேஸ்மேக்கர் வைத்துவிடலாம் என்றார். தோளுக்குக் கீழே தோலைக் கீறி, பெட்டியை வைத்து, அதிலிருந்து ஒயரை இதயத்துக்குள் விடுவது. மூன்று பிள்ளை பெற்று ஒன்றைப் பறிகொடுத்தவள், சின்னக் காரியத்துக்குப் பயப்படுகிறவள் இல்லை. ஆனாலும் பயந்தேன். அவரும் பயந்திருந்தார். என் கட்டிலைச் சுற்றி வந்து ஸ்டாண்டில் திருகு சரியாக முடுக்கியிருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தார்.

சாயங்காலம் வார்டு நர்ஸ் வந்தாள். உள்ளூர்ப் பெண். வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகளை எல்லாம் கொடுங்கள், இங்கே இருக்கும்வரை நாங்கள்தான் தருவோம் என்றாள். இவர் பையோடு நீட்டினார். அவள் கட்டிலில் கொட்டி, ஒவ்வோர் அட்டையாகத் திருப்பினாள். ஒரு வெள்ளை அட்டையையும் ஒரு ரோஸ் அட்டையையும் பக்கத்தில் வைத்தாள்.

“ரோஸ் இரண்டையும் சாப்பிடறீங்களா அம்மா?” என்று ஹைதராபாத் ஹிந்தியில் கேட்டாள். ரோஸ் என்றால் அதில் தினமும். தினமும் இரண்டும்தான் என்றேன்.

“தோனோ ஏகிச் ஹை, அம்மா.”

இரண்டும் ஒன்றேதான். கம்பெனி வேறு, கலர் வேறு, உள்ளே இருக்கும் மருந்து ஒன்று.

இந்த இடத்தில் எங்கள் காலனி வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ரிட்டயரானவர்களுக்கு நிறுவனத்து டிஸ்பென்சரியில் மாதாமாதம் மருந்து சும்மா கிடைக்கும். சும்மா கிடைத்தால் எனக்கொன்று, எங்கண்ணனுக்கு ஒன்று என்று எல்லோரும் மருந்துப் புத்தகத்தோடு வரிசையில் நிற்பார்கள். அந்தப் புத்தகத்தைப் பற்றித் தனியார் டாக்டரிடம் மட்டும் மூச்சுவிடக் கூடாது, ஓசி மருந்துக்கு அலைகிறவர்கள் என்று கேவலமாக நினைத்துவிடுவாராம். இதய டாக்டர் எழுதியதை டிஸ்பென்சரி டாக்டர் தன் புத்தகத்தில் ஏற்றியிருக்கிறார். முதலில் ஸ்டாக் இல்லை, இவர் கடையில் வெள்ளையை வாங்கினார். இரண்டு மாதம் கழித்து டிஸ்பென்சரியில் வேறு பெயரில் ரோஸ் வந்தது. இரண்டு டாக்டர், இரண்டு மாத்திரை என்று இவர் சார்ட்டில் ஒரு கட்டம் சேர்த்துவிட்டார். அதுவும் டோஸ் அதிகமான ரோஸ்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு அட்டையையும் கண்ணருகே கொண்டுபோய்ப் பொடி எழுத்தைப் படித்தார். திரும்பவும் படித்தார்.

“ரெண்டு வெண்டர்” என்றார். “ஒரே பார்ட்டு. சர்வீஸ்ல இந்தத் தப்புக்கு எத்தனை பேருக்கு மெமோ குடுத்திருக்கேன்.”

அப்புறம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, நர்ஸ் இருக்கிறாள் என்றுகூடப் பார்க்காமல், முகத்தை மூடிக்கொண்டு அழுதார். “என் கையாலயே உன்னக் கொன்னிருப்பேனட்டி.” அவரை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க எனக்கு ஆசை. முடியவில்லை, துடிப்பு நாற்பதில் இருந்தது. கையை மட்டும் அவர் பக்கம் நீட்டினேன். அவர் பார்க்கவில்லை.

டாக்டர் பேஸ்மேக்கரைத் தள்ளிப் போட்டார். இரண்டையும் நிறுத்திவிட்டு மானிட்டரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மறுநாள் நாற்பத்தாறு. அதற்கடுத்த நாள் ஐம்பத்திரண்டு. மூன்றாம் நாள் காலை, வீட்டிலிருந்து வந்தவரிடம் கேஸ் சிலிண்டரை மூடினீர்களா என்று கேட்டேன். ஞாபகமில்லை என்றார். ஞாபகமில்லையா? முப்பத்தெட்டு வருஷமாக இதே பதில்! நான் போட்ட சத்தத்தில் அந்த நர்ஸ் ஓடி வந்தாள். மானிட்டரைப் பார்த்தாள், அறுபத்தெட்டு. சிரித்துக்கொண்டே போய்விட்டாள். பெட்டி வேண்டாம், வெள்ளையில் பாதி மட்டும் போதும் என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார்.

எனக்குச் சத்தம் திரும்பிவிட்டது. அவருக்குப் போய்விட்டது. ஃப்ரிட்ஜிலிருந்த சார்ட்டைக் கிழித்தார். மாத்திரை அட்டையை என் முன்னால் வைத்து, “இனிமே நீயே எடுத்துக்கோ” என்றார். நான் விழுங்கும் நேரத்தில் கொல்லைப்பக்கம் போய்விடுவார். காப்பியில் சர்க்கரை போடக்கூட என்னைக் கேட்டார். தெருவில் யார் வண்டியில் எந்த போல்ட் லூஸ் என்று சொல்லாமல் அவர் நடந்து போவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. இத்தனை நாள் அந்த வாயை மூடச் சொல்லிக் கும்பிட்டவள் நான்தான்.

பத்தாம் நாள் காலை, கொல்லைக் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

“மாத்திரையக் குடுங்க.”

“உனக்குத்தான் கண்ணு தெரியுதுல்லா. நீயே எடு.”

“எடுக்க மாட்டேன். நீங்க குடுத்தா முழுங்குவேன். இல்லன்னா இன்னைக்கு இல்ல.”

“வெளாடாதட்டி. என்ன நம்பாத.”

நான் நகரவில்லை. பால் பொங்கி வழிந்தது, இரண்டு பேரும் போகவில்லை. கடைசியில் அட்டையை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றி, மருந்தின் பெயரை எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படித்தார். காலாவதித் தேதியைப் படித்தார். திருப்பி ஒருமுறை முதலிலிருந்து படித்தார். மாத்திரையைப் பாதியாக உடைத்தார். என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டார்.

“சரியாத்தான இருக்கு?” என்று என்னைக் கேட்டார்.

“நீங்க சொல்லுங்க.”

“சரியாத்தான் இருக்கு.”

விழுங்கினேன்.