கடைசி ஆள் லோவெல்

மெஸ்கீட் வெல்ஸ் ஊரில் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பேர். பிப்ரவரியில் ஊர்த் திருநாள் வந்தால் அத்தனை பேரும் ஊர்வலத்தில் போய்விடுவார்கள். வேடிக்கை பார்க்க ஒரு ஈ காக்கை இருக்காது. அதனால் கூட்டம் போட்டு, கை தூக்கி, ஒரு பார்வையாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். மூடிக்கிடக்கும் பெட்ரோல் பங்க் முன்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கையசைக்க வேண்டும், அவ்வளவுதான். பதினான்கு வருடமாக அந்தப் பதவி லோவெல் ஹாஸ்கெட்டுக்கு. மண்சாலை சமப்படுத்தும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். கொட்டுமேளத்தோடு நடப்பதென்றால் அவருக்கு வேப்பங்காய்.

ஆனால் சனிக்கிழமைதோறும் போகும் நடை வேறு விஷயம். அவர் மனைவி ஆர்டித் பதினோரு பேரைப் பாலைவனக் குன்றுகளுக்கு அழைத்துப் போவாள். முன்னால் அவள், எல்லோருக்கும் பின்னால் லோவெல். யாரும் கள்ளிக்காட்டில் தொலையாமல் எண்ணிக்கொண்டே வருவது கடைசி ஆளின் வேலை. கடைசி ஆள் இல்லாமல் ஓர் அடிகூட எடுத்து வைக்கக்கூடாது என்பது ஆர்டித் போட்ட சட்டம்.

நவம்பரில் ஆர்டித் இறந்துபோனாள். இந்த வருட ஊர்வலத்தில் அந்தப் பதினோரு பேரும் அவள் தொப்பியைத் தடியில் மாட்டிக்கொண்டு நடப்பதாக ஏற்பாடு. லோவெலுக்கும் கூடப் போக ஆசை. வாழ்க்கையில் முதல்முறையாகப் போய்க் கேட்டார்.

விழாத் தலைவி நீவா கையை விரித்தாள். "நீயும் வந்துட்டா யாருய்யா பாக்குறது? பாக்க ஆளில்லாம நடந்தா அது ஊர்வலமா? மாடு மேயப் போற மாதிரில்ல இருக்கும்!"

திருநாளன்று லோவெல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பங்க் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

ஊர்வலம் வந்தது. தீயணைப்பு வண்டிக்குக் கையசைத்தார். இரண்டு கழுதைகளுக்கும் கையசைத்தார். பிறகு தொப்பி வந்தது. பதினோரு பேரும் கடந்து போனார்கள். அவர்களுக்குப் பின்னால் வெறும் தார்ச்சாலை. லோவெலுக்குப் பொறுக்கவில்லை. எழுந்தார்.

"யோவ், உக்காருய்யா!" என்று முன்னாலிருந்து நீவா கத்தினாள்.

"கடைசி ஆள் இல்லாம போறீங்க."

"முந்நூறு அடி ரோடுய்யா இது! எவன் தொலைஞ்சு போவான்?"

"சட்டம் சட்டந்தான்."

வரிசையின் பின்னால் போய் நின்று வழக்கம்போல் எண்ணினார். எப்போதும் ஆர்டித்திலிருந்து தொடங்கிப் பன்னிரண்டு வரும். பதினொன்று வந்தது. மறுபடி எண்ணினார். நீவா கையைக் காட்டி ஊர்வலத்தை நிறுத்தினாள். கழுதைகளைக்கூட யாரோ பிடித்து நிறுத்தினார்கள்.

"பதினொண்ணு," என்றார் லோவெல். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரியாத்தான் இருக்கு. நடங்க."