நாற்பத்தொரு சுழி

ஆராய்ச்சித் தோட்டத்துக் கேண்டீனில் அவருக்குப் பூப்போலீஸ் என்று பேர். எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சி வருகிறது, எத்தனை மணிக்கு, எத்தனை தடவை என்று முக்காலியில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவது வேலை. இருபத்தாறு வருஷமாக இதே வேலைதான். முக்காலியும் முதுகும் சேர்ந்தே தேய்ந்தன.

பூக்களின் குணம் அவருக்கு அத்துப்படி. ஈயைக் கூப்பிடுகிற பூ அழுகல் நாற்றம் வீசும். வண்ணத்துப்பூச்சியைக் கூப்பிடுவது உட்கார இடம் போட்டு வைக்கும். வருகிற விருந்தாளிக்குத் தகுந்தபடி கோடிக்கணக்கான வருஷம் மாறி மாறித்தான் பூக்கள் இத்தனை விதமாகிவிட்டன என்பார் ஆராய்ச்சி மேடம். பூப்போலீஸுக்கோ வர வர எந்தப் பூவைப் பார்த்தாலும் கொட்டாவிதான் வந்தது.

இந்த வருஷம் ஒரு கொடி. வெள்ளைப் பூ, பின்னால் ஒரு சாண் நீளத்துக்குக் குழல், குழலின் அடியில் தேன். அவ்வளவு ஆழத்தை எட்டுகிற நாக்கு எந்தப் பூச்சிக்கு இருக்கிறது? அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். விடியும்போது விரிகிற பூ ஒன்பது மணிக்குள் வாடிவிடும். அதுவரை அவர் காவல். நாற்பத்தொரு நாளும் நோட்டில் வந்த பூச்சிக் கணக்குக்கு நேரே சுழிதான் விழுந்தது.

"அந்தப் பூச்சி இனமே அழிஞ்சிருக்கும்," என்று மேடம் முடிவுகட்டி, கட்டுரை எழுதவும் தொடங்கிவிட்டார்.

"உங்க சுழியே சரியில்லங்க," என்றாள் மனைவி, படுத்த படுக்கையிலிருந்து. இடுப்பெலும்பு முறிந்து நாலு மாதம். இரவில் இரண்டு மணிக்கொரு தரம் அவளைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அவர் ஒழுங்காகத் தூங்கியும் நாலு மாதம் ஆகிறது.

நாற்பத்திரண்டாம் நாள் வலைப்பைகளைப் பிரிக்கச் சொல்லியிருந்தார்கள். பூச்சி புகாமல் சில மொட்டுகளைப் பை போட்டு மூடியிருந்தார்கள், பூ தானாகவே காய்க்கிறதா என்று பார்க்க. பிரித்தார். பைக்குள் இருந்ததெல்லாம் காய்க்காமல் உதிர்ந்து கிடந்தது. ஆனால் அதே கொடியில், பை போடாத இடத்தில், இலைக்குப் பின்னால் விரல் தடிமனில் ஏழு பச்சைக் காய்கள்.

தானாகக் காய்க்காத பூ காய்த்திருக்கிறது. அப்படியானால் யாரோ வந்துபோயிருக்கிறார்கள், அவர் மூக்குக்கு முன்னாலேயே. அவர் எங்கேயும் எழுந்து போகவில்லை. ஒரு நிமிஷம்தானே என்று கண்ணை மூடியிருக்கிறார், அவ்வளவுதான்.

மேடம் சாயங்காலம்தான் வருவார். ஏழு காயையும் கிள்ளி எறிந்தால் சுழி சுழியாகவே இருக்கும். அடுத்த மாதம் வேலையைப் புதுப்பிக்கிற நேரம் வேறு. முதல் காயில் விரலை வைத்தார். இத்தனூண்டு பூச்சி எங்கிருந்தோ வந்து, வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டுப் போயிருக்கிறது. தன் தூக்கத்தை மறைக்க அதைக் கட்டுரையில் சாகடிப்பதா? வெட்கமாக இருந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் மேடத்தைக் கொடிக்கே கூட்டிக்கொண்டு போனார்.

"வந்திருக்கு மேடம். நான்தான் தூங்கிட்டேன்."

மேடம் காய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். முகத்தில் முதலில் சந்தோஷம்தான் வந்தது. கோபம் பிறகு வந்தது.

"எந்தெந்த நாள் தூங்கினீங்க?"

"தூங்கறவனுக்கு அது எப்படித் தெரியும் மேடம்?"

நாற்பத்தொரு பக்கத்தையும் மேடம் குறுக்கே அடித்தார்.

"இதை நான் மேல எழுதித்தான் ஆகணும். அடுத்த வருஷம் உங்களுக்கு வேலை கிடைக்குமான்னு என்னால சொல்ல முடியாது."

"தெரியும் மேடம்."

கொடியின் நுனியில் கடைசியாக இரண்டு மொட்டு மிச்சமிருந்தது.

"நாளைக்கு விரிஞ்சிடும்," என்றார் மேடம். "வேற யாரையாவது உக்கார வைக்கட்டுமா?"

"வேண்டாம் மேடம். அந்த முக்காலியை மட்டும் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. நின்னுக்கிட்டே பாக்கறேன்."