ஒரே கட்டத்துக்குள் எத்தனை நம்பரும்

ஏறாவூரிலிருந்து சவூதிக்குப் போனவர்கள் கம்பளியும் டேப் ரெக்கோடரும் கொண்டுவந்த காலத்தில், சரீப் ஒரு கணினியோடு வந்து இறங்கினார். அதில் இருந்தது 'பிக்' என்ற இயங்குதளம். அங்கே பண்டகசாலையில் பழகியது. தகவலைச் சேர்த்துவைத்துத் தேடித் தருவதுதான் அதற்குப் பிழைப்பே; தனியாக வேறு மென்பொருள் வேண்டாம். ஒருவர் பெயருக்கு நேரே, ஒரே கட்டத்துக்குள் எத்தனை நம்பரையும் அடுக்கலாம்.

ஊரில் இரத்தம் கொடுப்பவர்களின் விவரங்களை சரீப் அதில் ஏற்றினார். இங்கே ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். சரீப் விடமாட்டார். அவனைப் பெற்ற உம்மா வீட்டு நம்பருக்குப் பக்கத்திலேயே மனைவி வீட்டு நம்பரையும் சேர்த்துவிடுவார்.

பிக்கை உலகம் எப்போதோ கைகழுவிவிட்டது. போன வருடம் கணினி இழுத்துக்கொண்டு கிடந்தபோது, மருமகன் அஸாம் எல்லாவற்றையும் கைபேசிக்கு மாற்றிக் கொடுத்தான். கணினி பழைய இரும்புக்காரனிடம் போனது. புதியதில் கட்டத்துக்கு ஒரு நம்பர்தான். முதலாவது மட்டுமே மிஞ்சியிருந்தது. அதை இருவருமே கவனிக்கவில்லை.

இன்று காலை மகள் முப்லிஹாவுக்குப் பிள்ளை கிடைத்தது. இரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் இரத்தம் போதாது, ஆளைக் கூட்டிவாருங்கள் என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று சரீப் நம்பர்களை அழுத்தினார். ஒன்று பாவனையில் இல்லை. மற்றதெல்லாம் உம்மா வீடுகள்; மனைவி வீட்டு நம்பர் ஒன்றுமே இல்லை.

"ரெண்டு நம்பர் வைக்கத் தெரியாத இந்தப் பலாய் புடிச்ச சாமான என்னத்துக்கு மகன் செஞ்ச?" என்று அஸாம் மேல் பாய்ந்தார்.

"என்ட பொஞ்சாதிதான் மாமா உள்ள கிடக்கா. இப்ப என்னைப் பேசி என்ன?"

சரீப் அடுத்ததை அழுத்தினார். ஒரு பெண் எடுத்தாள்.

"ஷிஹான் இரிக்காரா?"

"ஷிஹான் காக்கா கலியாணம் முடிச்ச இடம் ஓட்டமாவடி. இப்ப கொழும்புல நிக்கார். என்ன விசயம்?"

சரீபுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ட மகளுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் வேணும். அவர் கொழும்புல நிண்டா நான் என்ன செய்ற?"

"ஓ நெகட்டிவா? எனக்கும் அதுதானே. நான் வரட்டா?"

அந்த வீட்டுக்கு சரீப் எத்தனை தடவை போன் எடுத்திருப்பார்! காக்காவைக் கூப்பிடு என்று தங்கச்சி இவளைத்தான் விரட்டியிருப்பார். எத்தனை நம்பரும் அடுக்கலாம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட கணினியில், ஒரு பெண்ணின் பெயரைக்கூட அவர் ஏற்றியதில்லை.

"வாங்க மகள், கெதியா வாங்க," என்றார். பிறகு தயங்கிக் கேட்டார்: "உங்கட பேர் என்ன?"