பின்பக்கமும் பூசிய மை

எங்கள் பெரியப்பாவுக்கு ஐந்து பிள்ளைகள். நாலாவது சியோக்-ஹுன் அக்கா. ராணுவச் சட்டம் இருந்த காலத்தில், பத்தொன்பது வயதில், தைபேக்கு வேலைக்குப் போனாள். வெளிநாட்டுப் பத்திரிகைகள் வந்து இறங்கும் கிடங்கு. "அங்க என்னக்கா வேலை?" என்று கேட்டால், "பொட்டலம் கட்டுறது" என்பாள். ஐம்பது வருஷமாக அதே பதில்தான். நன்றாக வேலை பார்த்ததற்கு அங்கே கொடுத்த சுவர்க் கடிகாரம் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் இன்னும் ஓடுகிறது.

படிக்காமல் போனது அவளுக்குத் தீராத குறை. எழுபத்தொன்றாம் வயதில், தைனான் கல்லூரியில் பெரியவர்களையும் சேர்த்துக்கொள்ளும் இலக்கிய வகுப்பில் சேர்ந்தாள். அவளுக்குக் கண் மங்கல். புத்தகத்தை வாசித்துக் காட்ட நானும் கூடப் போவேன். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான்.

அந்த வாரம் எடுத்துக்கொண்ட நாவலில், ஆள்பவர்களுக்குப் பிடிக்காத வரிகளை மை பூசி அழிக்கிறார்கள். ஒருவன் அந்தத் தாளை வெயிலில் பிடித்து, அழித்ததைப் படித்துவிடுகிறான். யூ-சுவான் என்ற பெண் அந்த இடத்தை வாசித்து, "வெயிலே காட்டிக் கொடுத்துடுது, எவ்வளவு அழகு!" என்றாள்.

பக்கத்து இருக்கைப் பையன் சிரித்தான். "பூசினவனுக்கு வெட்கமே இருந்திருக்காது. சோறு எப்படி இறங்குச்சோ!"

"வெயில்ல பிடிச்சாலும் ஒண்ணும் தெரியாது தம்பி," என்றாள் அக்கா, சமையலில் பிழை திருத்துகிறவள் போல. "பின்பக்கமும் பூசிடணும்."

சொன்ன பிறகுதான் கை வாய்க்குப் போனது.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் காவ் டீச்சர்.

யாரோ சொன்னார்கள் என்று தப்பித்திருக்கலாம். அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு எங்கள் அப்பாவின் முடிவெட்டும் கடை ஞாபகம் வந்தது. வாடிக்கையாளர்கள் பார்க்க அப்பா ஒரு வெளிநாட்டுப் படப் பத்திரிகை வாங்கிப் போடுவார். ஒரு புத்தாண்டு விடுமுறையில் கறுத்துக் கிடந்த ஒரு பக்கத்தை ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் பூசியிருக்கான் பாரு, படுபாவி. ரொம்பப் பொறுப்பானவன்!" என்றார். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்து மீன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்தை விட்டு முகத்தை எடுக்கவே இல்லை.

"நான்தான் பூசினேன்," என்றாள் அக்கா. "நாலு வருஷம். முதல்ல ஒரு பக்கம்தான் பூசுவாங்க. பின்பக்கம் என் யோசனை. அதுக்குத்தான் கடிகாரம் கொடுத்தாங்க."

யூ-சுவான் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். "உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே அம்மா. என்னன்னு தெரியாமத்தானே செஞ்சீங்க?"

"எழுத்து தெரியாது. அவங்க கொடுத்த பட்டியல்ல இருக்கற வார்த்தை மாதிரியே இருந்தா பூசுவேன். படம் தெரியுமே, கண்ணு. ஒரு அம்மா, நம்ம ஊர் அம்மா, ஜெயில் வாசல்ல மகன் போட்டோவை நெஞ்சுல அணைச்சு அழுதா. அவ முகத்துல மை சரியா ஒட்டலை. காய விட்டு இன்னொரு தடவை பூசினேன்."

அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். அக்கா பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

பேருந்து நிறுத்தத்தில் என் பக்கம் திரும்பினாள். "உங்கப்பா அன்னிக்குக் கடையில சொன்னது ஞாபகம் இருக்காடி?"

"இல்லக்கா," என்றேன்.

"நம்ம குடும்பத்துல யாரு எந்த வருஷம் பிறந்தாங்கன்னு எல்லாம் சொல்றவ நீ," என்றாள். "நீயும் பூசாதே."